எங்கள் பயிலரங்குக்குக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

கலைப் புகைப்படப் பயிலரங்கும், அதன் முடிவில் வைத்த கண்காட்சியும் நல்லபடியாக நிறைவடைந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவரின் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆனால் ஒரு நெகட்டிவ் சுவரில் தொங்கும் படமாக மாறுவதற்குள் எத்தனையோ கைகள் அதைத் தொட்டுவிடுகின்றன. அந்தக் கைகளுக்கு உரியவர்களுக்குத்தான் இந்த மடல்.

ஒரு 50 மி.மீ. லென்ஸ், 36 படம் எடுக்கும் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள், ஒரே ஒரு கருப்பொருள். மாணவர்களுக்கு நாங்கள் தருவது இவ்வளவுதான். ஜூம் லென்ஸ் இருந்தால் நின்ற இடத்திலேயே சட்டகத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியும். ஆனால் முகத்துக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள உறவை அது மாற்றாது. அது மாற வேண்டுமானால் எடுப்பவர் நகர வேண்டும். கால்கள் நகரப் பழகிய பிறகுதான் கண் பழகுகிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

படம் எடுக்க ஜன்னலோரம் அமர்ந்து கொடுத்தவர்களுக்கு முதல் நன்றி. மங்கலான ஒளியில் ஷட்டர் 1/15 நொடிக்கு இறங்கும்போது லேசாக மூச்சு வாங்கினாலே கண்ணிமை கலங்கிப்போகும். நீங்கள் அசையாமல் இருந்தது மட்டுமல்ல, ஒருவர் கறுப்புத் துணியும் இன்னொருவர் வெள்ளைச் சட்டையும் அணிந்து வந்தது பெரிய உதவி. ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்கிடும். அதை அப்படியே நம்பினால் வெள்ளைச் சட்டை அழுக்காகத் தெரியும், கறுப்புத் துணி வெளுத்துவிடும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த, கறுப்பு முதல் வெள்ளைவரை ஒளியைப் படிகளாகப் பிரிக்கும் 'ஸோன்' முறையைக் கரும்பலகையில் விளக்குவதைவிட, அந்தக் கறுப்புத் துணியை அளந்து இரண்டு ஸ்டாப் குறைத்து, அதாவது ஒளியை இரண்டு முறை பாதியாக்கி, எடுக்கச் சொன்னதில் மாணவர்களுக்குச் சட்டென்று விளங்கியது. துணியின் மடிப்புகள் நெகட்டிவில் தங்கின.

இருட்டறையில் நின்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. முதல் பிரிண்ட் போடும் முன்பே சிவப்பு விளக்கைச் சோதித்துவைத்தீர்கள். பேப்பரை, நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் அடியில் வைத்து இளஞ்சாம்பல் வரும் அளவுக்கு ஒளி காட்டி, மேலே ஒரு நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கில் 7 நிமிடம் விட்டு டெவலப் செய்தீர்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு பேப்பரைக் கெடுக்கிறது என்று பொருள். ஒளியே காட்டாத வெறும் பேப்பரில் இந்தச் சோதனை செய்பவர்கள் ஏமாந்துபோவார்கள். சிறிதளவு ஒளியைப் பேப்பர் வெளிக்காட்டாமல் விழுங்கிவிடும். பிரிண்ட் போடும்போதுதான் படத்தின் வெளிச்சமான பகுதிகளில் மூட்டம் விழும்.

படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலை 20 டிகிரி செல்சியஸில் பிடித்துவைத்ததும், படம் கறுக்கிறதே என்று பதறி ஒரு நிமிடத்தில் பேப்பரை வெளியே இழுக்கப்போன கைகளைத் தடுத்ததும் நீங்கள்தான். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் பேப்பருக்கு 2 முதல் 3 நிமிடம் வேண்டும். முன்கூட்டியே எடுத்தால் கறுப்பு சேறு போலாகி, திட்டுத் திட்டாக நிற்கும். படம் கறுத்தால் எக்ஸ்போஷரைத்தான், அதாவது பேப்பருக்குக் காட்டும் ஒளியைத்தான், குறைக்க வேண்டும். படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர் கரைசலில் நனைந்த இடுக்கி டெவலப்பர் ட்ரே பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல் பார்த்துக்கொண்டீர்கள். ஈரத்தில் பளிச்சென்று இருக்கும் வெண்மை காய்ந்ததும் ஒரு படி மங்கும் என்பதால், வெவ்வேறு நேரம் ஒளி காட்டிப் பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பை ஹேர் டிரையரில் உலர்த்திய பிறகே நேரத்தை முடிவு செய்ய வைத்தீர்கள். அலசும் தொட்டியை நள்ளிரவுவரை காவல் காத்தவர்களுக்குத் தனி நன்றி. ஃபைபர் பேப்பரின் இழைகளுக்குள் ஃபிக்ஸர் தங்கினால் இன்று ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் வெள்ளியைத் தாக்கிப் படத்தைப் பழுப்பாக்கும்.

படத்தைச் சுற்றி வைக்கும் மேட் அட்டையை வெட்டி ஃபிரேம் போட்டவர்கள் படங்களைப் போர்டில் ஒட்டிவிடாமல், மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடங்களில் ஜப்பானியக் காகிதக் கீலும் கோதுமைப் பசையும் வைத்துத் தொங்கவிட்டார்கள். காற்றின் ஈரத்துக்கு ஏற்பப் பேப்பர் விரியும், சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டினால் நடுவில் உப்பிக்கொள்ளும். ஜன்னல் மேட்டின் கனம் கண்ணாடியைப் படத்திலிருந்து விலக்கி வைக்கிறது. அந்த இடைவெளி இல்லையென்றால் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

விமர்சன அமர்வுகளுக்கு வந்து பொறுமையாக உட்கார்ந்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். முதல் பத்து நிமிடம் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் விதி. விளக்கம் சொல்லத் தொடங்கினால் பார்ப்பவர்கள் படத்தை விட்டுவிட்டு விளக்கத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். "நன்றாக இருக்கிறது" என்று சொல்லாமல், கண் முதலில் எங்கே போனது, எந்த மூலையில் வெளியேறியது என்று மட்டும் சொன்னீர்கள். அதைக் கேட்டுத்தான் பலர் திரும்பிப் போய் மூலைக்கு மட்டும் கூடுதல் ஒளி காட்டி ('பர்ன்' செய்து) அடர்த்தியாக்கினார்கள். சிலர் மிகவும் பிடித்த படத்தைத் தொடரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கற்பித்தலில் நாங்கள் மதிப்பது இந்தத் துணிச்சலைத்தான், அழகான ஒற்றைப் படத்தை அல்ல.

மேசை தூக்கியவர்கள், தேநீர் கொடுத்தவர்கள், ட்ரே கழுவியவர்கள், வீட்டில் இருந்தபடியே பிள்ளைகளை அனுப்பிவைத்தவர்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

உங்களுக்கு ஆளுக்கொரு பிரிண்ட் அனுப்பியிருக்கிறோம். விளிம்பில் மட்டும் பிடியுங்கள், படப் பரப்பில் விரல் படக் கூடாது. நேர் வெயில் விழும் சுவரிலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாட்ட வேண்டாம். ஃபிரேம் போடும்வரை, கூடவே வைத்திருக்கும் அமிலமற்ற தாளுக்குள்ளேயே இருக்கட்டும். மூலை மடங்கி வந்திருந்தால் சொல்லுங்கள், நெகட்டிவ் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, வேறொன்று போட்டுத் தருகிறோம்.

அன்புடன்,
பயிலரங்க ஆசிரியர் குழு