என் தம்பி மகளின் ஸ்வெட்டருக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மகளுக்கு அந்த மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தோம். கை நுனியை மட்டும் ஒரு மடிப்பு மடித்துவிட்டோம். மற்றபடி கச்சிதமாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் "அத்தை பின்னியதா!" என்று என்னையே பாராட்டினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அதில் யார் யார் கை இருக்கிறது என்று எனக்குத்தானே தெரியும்.

முதலில் மேல்வீட்டு அம்மா. எனக்கு நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களையும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அதைவிடப் பெரிய உதவி, நேரே ஸ்வெட்டரை ஆரம்பிக்க விடாமல் தடுத்தது. "முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னு, துவைத்துக் காயவைத்து அப்புறம் அள" என்றீர்கள். 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் (நூல் வளையங்கள்) வர வேண்டிய இடத்தில் எனக்கு 25 வந்தது. நான் இறுக்கிப் பின்னுகிறவள். 50 செ.மீ. சுற்றளவுக்காக 110 கண்ணிகள் போட்டிருந்தால் 44 செ.மீ.தான் வந்திருக்கும். ஆறு மாதக் குழந்தைக்கு மார்பே சுமார் 43 செ.மீ. இருக்கும், மூச்சு விடக்கூட இடம் இருந்திருக்காது. என் 4 மி.மீ. ஊசியை வாங்கி வைத்துக்கொண்டு, அதைவிடத் தடித்த உங்கள் 4.5 மி.மீ. ஊசியைக் கொடுத்தீர்கள். கணக்கு சரியாக வந்தது.

இரட்டைக் குழந்தைகளை வளர்த்த என் தோழிக்கு இரண்டு நன்றிகள். நெஞ்சில் இரண்டு நிறத்தில் வாத்துப் படம் பின்ன ஆசைப்பட்டேன். உள்பக்கம் நீளநீளமாக ஓடும் நூலில் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும் என்று நீ சொன்னதால் வெறும் பட்டைக்கோடுகளோடு நிறுத்தினேன். பிறகு கழுத்து. குழந்தைக்குத் தலைதான் பெரிது, பிறக்கும்போது மார்பைவிடவே சற்றுக் கூடுதல் சுற்றளவு. இடது தோளைத் திறப்பாக விடச் சொன்னதும் நீதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு துளி அழுகை இல்லாமல் தலை நுழைந்தபோது உன்னைத்தான் நினைத்தேன்.

அந்தத் தோளில் மூன்று பொத்தான்கள். கழன்றால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் என்ற பயத்தில் தையல்கார அண்ணனிடம் கொண்டுபோனேன். உள்ளே சின்னத் துணித்துண்டு வைத்துத் தைத்து, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டே கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நன்றி அண்ணா.

இரவுகளில் பாத்திரம் துலக்கிய என் வீட்டுக்காரருக்கும் நன்றி.

இதைப் பொதுவில் எழுதக் காரணமே கடைசியாகச் சொல்லப்போகிறவர்தான். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ரயிலில் முதுகுப்பக்கம் பின்னிக்கொண்டிருந்தபோது ஒரு கண்ணி நழுவிவிட்டது. கவனித்தபோது 14 வரிசை கீழே இறங்கி, நடுவில் ஏணிப்படி மாதிரி குறுக்கு இழைகள் மட்டும் நின்றன. பிரித்துவிடலாம் என்று ஊசியை உருவப்போனேன். எதிர் இருக்கையில் இருந்த வயதான அம்மா ஒருவர் "வேண்டாம்மா, கொடு" என்று கை நீட்டினார். பையிலிருந்து ஒரு குரோஷா ஊசியை, நுனியில் கொக்கி உள்ள ஊசியை, எடுத்தார். அடியில் கிடந்த கண்ணிக்குள் அதை விட்டு, மேலே உள்ள முதல் இழையைக் கொக்கியில் பிடித்து, கண்ணி வழியாக வெளியே இழுத்தார். ஒரு படி ஏறியது. இன்னொரு இழை, இன்னொரு படி. நாலு படி அவர் ஏற்றிக் காட்டிவிட்டு மீதிப் பத்தையும் என்னையே ஏற்றச் சொன்னார். என் கை நடுங்கியது. அவர் அவசரப்படுத்தவே இல்லை. முடித்ததும் அந்த இடத்தை விரலால் நீவிப் பார்த்தேன். எங்கே நழுவியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊசியைத் திருப்பிக் கொடுத்தேன். "இன்னும் தேவைப்படும், வைத்துக்கொள்" என்று சொல்லி இறங்கிப்போய்விட்டார்.

ரயிலில் பார்த்த அம்மா, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். நீங்கள் சொன்னபடியே கைப்பகுதியில் இரண்டு முறை தேவைப்பட்டது. ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. மஞ்சள் நூல் சுற்றிய உங்கள் ஊசி என் பையில் பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
ஓர் அத்தை