செயலாளரின் ஆண்டறிக்கை: தந்தி தாமதமும் மற்றவையும்

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதம் ஒரு கூட்டம் என்ற கணக்கு இந்த ஆண்டும் தவறவில்லை, ஐப்பசி மழையில் தள்ளிப்போன ஒன்றைத் தவிர. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நூலக அலமாரிக்குப் பூட்டு வாங்கியாயிற்று.

பழைய நிருபர்கள் பேசிய தந்திக் கூட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2013 ஜூலை 14 இரவோடு நின்றுபோன சேவை அது. வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள், தந்தி என்றால் அடுத்த நிமிடமே போய்ச் சேரும் என்று நினைத்திருந்தார்கள். கம்பியில் ஏறிவிட்டால் வேகம்தான், ஏறுவதற்குள்தான் அத்தனை பாடும். பத்திரிகைத் தந்திக்குச் சலுகைக் கட்டணம். பேரிங் அட்டை இருந்தால் கையில் காசுகூட வேண்டாம், பத்திரிகையே கட்டிவிடும். ஆனால் சாவுத் தந்தி வந்தால் நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

என் கதையையும் சொன்னேன். ஏற்காடு மலைப்பாதையில், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. அந்தச் செய்தியைத் தந்தியில் அனுப்ப, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மலை, மழை, மாலை மூன்றுக்கும் ஒரே ஐந்தெழுத்து! எது எது என்று கேட்டு பத்திரிகையின் செய்தி டெஸ்கிலிருந்து பதில் தந்தி வந்தது. அது என் கைக்கு வருவதற்குள் மரத்தை அறுத்து விறகாக்கிவிட்டார்கள்.

மூத்த உறுப்பினர் ஒருவர் விவரமானவர். தந்தியும் கொடுப்பார், அதே செய்தியைக் கவரில் போட்டு ராத்திரி சென்னை போகும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ரயிலிலும் அனுப்புவார். சென்னையில் கவர் முந்திக்கொண்ட நாளும் உண்டாம்.

செய்தி தாமதத்துக்குக் கம்பியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் கட்சி. வெளியூர்ப் பிரதிகளைச் சென்னையில் சாயங்காலமே அச்சடித்து ரயிலேற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு தந்தி ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் என்ன? சேலத்துச் செய்தியை மறுநாள் சென்னைக்காரர் படிப்பார், சேலத்தில் நாம் அதற்கடுத்த நாள் படிப்போம். பொருளாளர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சரி, அது அவர் கருத்து.

அன்று காட்டிய பழைய தந்தித் தாள்கள் மேசைமேல் இருக்கின்றன. கொடுத்த நேரம் தலைப்பிலேயே இருக்கும், பாருங்கள். பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுங்கள், போன முறை ஒன்று குறைந்தது.