ஐந்து மாத அனுபவம் பூஜ்யம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரை, பெட்ரோலியப் பொறியியலை அஸ்தமிக்கும் படிப்பு என்று சொல்லி, மாணவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று முடிந்திருந்தது. நான் அந்தப் படிப்பை முடித்து இரண்டு ஆண்டு ஆகிறது. இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எண்ணெயின் காலம் ஒரு நாள் முடியத்தான் போகிறது, முடியவும் வேண்டும். ஆனால் பெட்ரோலியம் என்ற பெயரை மட்டும் பார்த்து, அதற்குள் நாங்கள் என்ன கற்றோம் என்று பார்க்காமல் விட்டுவிடுகிறார்களே என்ற ஆதங்கம்தான் இதை எழுத வைக்கிறது.

படிப்பு முடிந்ததும் எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒரு ரிக்கில், மேலே வரும் பாறையைப் பார்த்துப் பதிவுசெய்யும் மட் லாக்கிங் பிரிவில் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். துளையிடும்போது பிட் என்ற துளைமுனை நொறுக்கும் பாறைத் துகள்கள், பம்ப் குழாய் வழியே கீழே தள்ளும் சேற்றோடு மேலே வரும். சேற்றைச் சலித்துப் பிரிக்கும் ஷேக்கரில் அவற்றை அள்ளி, சல்லடையில் கழுவி, நுண்ணோக்கியில் பார்த்து, அப்புறம் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் இருந்தால் துகள்கள் ஒளிரும். முதல் இரவு ஒரு தட்டைக் கழுவி முடித்து, 2,800 மீட்டர் என்று சீட்டு எழுதப் போனேன். பக்கத்தில் இருந்த மூத்தவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். "தம்பி, பிட் இப்பத்தான் 2,800ல இருக்கு. உன் கையில இருக்கிற பாறை ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி வெட்டினது. அப்ப பிட் எங்க இருந்துச்சுன்னு பாரு."

துகள் அடியிலிருந்து மேலே வர எடுக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் ஆழத்தை எழுத முடியும். கிணற்றின் விட்டம், குழாயின் விட்டம், பம்ப் நிமிடத்துக்கு எத்தனை முறை அடிக்கிறது, எல்லாம் அதில் சேரும். கணக்கு சரிதானா என்று பார்க்க, புதுக் குழாய் மாட்டும் நேரத்தில் உள்ளே கொஞ்சம் கால்சியம் கார்பைடு போட்டு அனுப்புவார்கள். தண்ணீர் பட்டதும் அது அசிட்டிலின் வாயுவாகி, சேற்றோடு கீழே போய்ச் சுற்றி மேலே வரும். அப்போது வாயுக் கருவியின் கோடு சட்டென்று எகிறும். நான் போட்டு வைத்திருந்த நேரத்தைவிட அது ஒன்பது நிமிடம் தாமதமாக வந்தது. எங்கேயோ தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நடுங்கிப் போனேன். கூட்டலில் தப்பு இல்லை. கிணற்றுச் சுவர் எங்கோ சரிந்து, துளை நாங்கள் நினைத்ததைவிட அகலமாகியிருந்தது. கிணற்றுச் சுவர் சரியாமல் தாங்கும் கேசிங் குழாயை இறக்கிய பிறகு அதைச் சுற்றி எவ்வளவு சிமென்ட் கூடுதலாக வேண்டும் என்று முடிவு செய்தபோது, அந்த ஒன்பது நிமிடத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

கண்ணால் பார்க்கவே முடியாத ஓர் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை இப்படி மேலே நின்றுகொண்டே தெரிந்துகொள்வதுதான் எங்கள் படிப்பு. அந்த இடத்தில் எண்ணெய்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாறைக்குள் திரவம் எப்படி ஓடுகிறது என்று எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது டார்சி விதி. பிரான்சின் டிஜோன் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணலுக்குள் தண்ணீரை விட்டுப் பார்த்து 1856இல் வெளியிட்டது அது. எண்ணெய்க்கும் அதற்கும் அன்று எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்று அதே விதி வேறு இடங்களிலும் வேலை செய்கிறது. நார்வேயின் கடலில் உள்ள ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்த கரியமில வாயுவை 1996 முதல் கடலுக்கு அடியில் உள்ள மணற்பாறைக்குள் செலுத்தி வருகிறார்கள். ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில் அந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்து பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் இறக்கினார்கள். இரண்டே ஆண்டுக்குள் அதில் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாக மாறிவிட்டதை 2016இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். புவிவெப்ப மின்சாரம் வேண்டுமானால் முதலில் கிணறு தோண்ட வேண்டும், அதுவும் எண்ணெய்க் கிணற்றைவிடச் சூடான, கடினமான பாறையில். கைவிடப்பட்ட பழைய கிணறுகள் மீத்தேனைக் கசியவிட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஒழுங்காக சிமென்ட் போட்டு அடைக்க அமெரிக்கா 2021இல் நிறைவேற்றிய உள்கட்டமைப்புச் சட்டத்தில் மட்டும் 470 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இவை எல்லாமே கிணறு, குழாய், சிமென்ட், அழுத்தம் சம்பந்தப்பட்ட வேலைகள்தான்.

சரி, அப்படியானால் வேலை ஏன் கிடைக்கவில்லை? அந்தக் கிணறு முடிந்ததும் ரிக்கை நிறுத்தி வைத்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் வெளியே வந்தேன். மொத்தம் ஐந்து மாதம். அதன் பிறகு 14 மாதங்களில் 63 இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எண்ணெய் நிறுவனங்கள் ஆரம்பநிலைப் பணி என்று தலைப்புப் போட்டுவிட்டு, கீழே குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் என்று எழுதுகின்றன. ஒரு புவிவெப்ப நிறுவனத்தின் நேர்காணலில், நான் லாக்கிங் பற்றிப் பேசத் தொடங்கியதுமே, "நீங்கள் எண்ணெய்த் துறை ஆள்தானே, விலை ஏறினால் அங்கேயே போய்விடுவீர்களே" என்றார்கள். நான் அப்படிப் போக மாட்டேன் என்று சொன்னதை அவர்கள் நம்பவில்லை. இன்னொரு விண்ணப்பப் படிவத்தில் அனுபவம் என்ற கட்டத்தில் முழு ஆண்டுகளை மட்டும்தான் போட முடியும். 0.4 என்று போட்டேன், ஏற்கவில்லை. 0 என்று போட்டேன், உடனே அடுத்த பக்கத்துக்கு விட்டது.

அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் வெடித்து 11 பேர் இறந்தார்கள். அதற்குச் சில மணி நேரம் முன்பு நடந்த அழுத்தச் சோதனையின் முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டதும் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணைகள் சொல்லின. படித்த எங்களுக்கு அந்த விபத்து ஒரு பாடம் மட்டும் இல்லை, பயமும்கூட. ஆனால் ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துத் தடுத்ததால்தானே நான் ஆழத்தைச் சரியாக எழுதக் கற்றேன்? யாராவது சேர்த்துக்கொண்டால்தான் அது நடக்கும்.

விலை விழும்போதெல்லாம் நிறுவனங்கள் முதலில் நிறுத்துவது பயிற்சியாளர் சேர்க்கையைத்தான். 1986இல் எண்ணெய் விலை சரிந்தபோது அப்படி நிறுத்தியதன் விளைவாக, இருபது ஆண்டு கழித்து நடுத்தர வயதில் போதிய ஆட்கள் இல்லாமல் இந்தத் துறை திண்டாடியது. 2014இல் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த விலை 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே போனது, 2020இல் மறுபடியும் விழுந்தது. அப்போதெல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டவர்கள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மணற்பாறைக்குள் கரியமில வாயுவைப் பூட்டி வைக்கவும் பழைய கிணறுகளை அடைக்கவும் ஆள் தேடும்போது அவர்களைத் திரும்பக் கூப்பிட முடியாது.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் படிப்பைப் பற்றி எழுதும்போது, கிணறு அடைப்பவர்களிடமும் புவிவெப்பக் கிணறு தோண்டுபவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள். வேலைக்கு எடுப்பவர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. ஆண்டுகளைக் கேட்கும் அந்தக் கட்டத்துக்குக் கீழே, "அங்கே என்ன செய்தீர்கள்?" என்று கேட்டு இரண்டு வரி எழுத இடம் விடுங்கள். கார்பைடும் அந்த ஒன்பது நிமிடமும் இரண்டு வரியில் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
வேலை தேடும் பெட்ரோலியப் பொறியாளர் ஒருவர்