டெக் இன்னும் ஓடுகிறதா?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாளே வந்துவிட்டது. பதில் போட இத்தனை நாளாகிவிட்டது, திட்டாதே. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து, இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறாள். காபி தண்ணியாக இருக்கிறதென்று மருமகளிடம் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள், கவலைப்படாதே.

அம்மாவுக்குத் துணையாக ராத்திரி முழித்திருந்த நாட்களில் மகளோடு உட்கார்ந்து ஒரு ஜப்பான் தொடர் பார்த்தேன். 'கௌபாய் பீபாப்'. பொம்மைப்படம்தான், சிரிக்காதே. 1998-ல் வந்தது, மொத்தம் 26 பகுதி. முதலில் டோக்கியோவில் ஒளிபரப்பியவர்கள் பாதியைக்கூடப் போடவில்லையாம், சின்னப்பிள்ளைகள் பார்க்கிற விஷயமில்லையென்று. அப்புறம் ஒரு சாட்டிலைட் சேனலில்தான் முழுசாக வந்திருக்கிறது.

கதை 2071-ல் நடக்கிறது. 2022-ல் விண்வெளியில் குறுக்குவழியாகக் கட்டின வாசல் ஒன்று வெடித்து நிலா உடைந்து, அதன் கல் மழையாகப் பூமியில் விழுகிறது. ஜனங்கள் செவ்வாய்க்கும் வியாழனின் நிலாக்களுக்கும் குடிபோய்விடுகிறார்கள். (2022 போயே விட்டது, நிலா பத்திரமாகத்தான் இருக்கிறது.) போலீஸ் போதாததால், தலைக்கு விலை வைத்த குற்றவாளிகளை யார் பிடித்துக் கொடுத்தாலும் காசு. அப்படிப் பிழைக்கிறவர்கள்தான் இந்தக் கூட்டம். இருக்கிறது ஒரு பழைய மீன்பிடிக் கப்பல். ஸ்பைக் என்று பரட்டைத்தலை சண்டைக்காரன், ஜெட் என்று மாஜி போலீஸ்காரன். பின்னால் ஒரு கடன்காரப் பெண்ணும், கம்ப்யூட்டர் பைத்தியமான ஒரு குட்டிப் பெண்ணும், ஒரு நாயும் வந்து ஒட்டிக்கொள்கிறார்கள்.

இத்தனை துரத்தல் இருந்தும் இவர்கள் கையில் காசு தங்குவதே இல்லை. ஆள் செத்துப்போவான், இல்லையென்றால் பிடித்த பணம் உடைத்த சாமான்களுக்கு நஷ்டஈடாகப் போய்விடும். முதல் பகுதியிலேயே ஜெட் குடைமிளகாயும் மாட்டிறைச்சியும் என்று சொல்லி ஒரு தட்டை வைக்கிறான். கறியே இல்லையே என்கிறான் ஸ்பைக். காசில்லாதபோது இதற்கும் அதே பெயர்தான் என்கிறான் ஜெட். நம் மேன்ஷன் ரூமில் நீ தக்காளியே போடாமல் வைத்த தக்காளி ரசம் ஞாபகம் வந்தது.

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது 18-வது பகுதிக்காக. அந்தக் கடன்காரப் பெண் ஃபே வாலன்டைன் ஒரு விபத்துக்குப் பிறகு 54 வருஷம் உறைநிலையில் கிடந்து எழுந்தவள். பழசு எதுவும் நினைவில்லை. ஒருநாள் அவள் பெயருக்கு ஒரு பார்சல் வருகிறது. கடன் வசூலிக்க வந்தவர்களென்று நினைத்து அவள் ஓடிவிடுகிறாள். இவர்கள் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு வீடியோ கேசட். பீட்டா கேசட்! அதைப் போட்டுப் பார்க்கிற பெட்டி, அதான் டெக், கிடைக்காமல், பாழாகிக் கிடக்கும் பூமிக்கே போய், இருட்டில் மாடி மாடியாக இறங்கி ஒரு டெக்கைத் தூக்கி வருகிறார்கள். கேசட்டை நுழைத்தால் பொருந்தவில்லை, அது வி.எச்.எஸ். என்கிற வேறு ரகக் கேசட்டுக்கான டெக்!

நான் விழுந்து விழுந்து சிரித்ததில் அம்மா எழுந்துவிட்டாள். சிங்கப்பூரிலிருந்து உன் சித்தப்பா கொண்டுவந்த பீட்டா கேசட்டை வாடகை டெக்கில் நீ அமுக்கு அமுக்கென்று அமுக்கினாயே, தெருவே பாய் விரித்துக் காத்திருந்ததே! மகளுக்குச் சொன்னேன். பீட்டா என்றால் என்ன என்று கேட்டாள்.

கடைசியில் சரியான டெக்கும் பார்சலில் வந்து சேருகிறது. படம் ஓடுகிறது. பள்ளிக்கூடப் பெண்ணாக ஃபே நின்று, பத்து வருஷம் கழித்து இதைப் பார்க்கப்போகிற தனக்கே கைதட்டி உற்சாகம் சொல்கிறாள். பார்க்கிற ஃபே நினைவில்லை என்று மட்டும்தான் சொல்கிறாள். அழவில்லை. பக்கத்தில் இருப்பவர்களும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு யாராவது எடுத்திருந்தால் அங்கே ஒரு பாட்டு வைத்துக் கண்ணைத் துடைக்கவிட்டிருப்பார்கள். இதற்கு இசை போட்ட யோகோ கன்னோ என்கிற அம்மாள் கெட்டிக்காரி, எங்கே சும்மா இருக்கவேண்டும் என்று தெரிந்தவள். மற்ற இடங்களில் ஜாஸ் கொளுத்துகிறது. ஆரம்ப இசையை நீ ஸ்பீக்கரில் வைத்துத்தான் கேட்கவேண்டும்.

இயக்கியவர் ஷினிசிரோ வாதனாபே. 2021-ல் நிஜ ஆட்களை வைத்து மறுபடி எடுத்தார்கள், ஒரு சீசனோடு நின்றுவிட்டது. நான் அதன் பக்கம் போகவில்லை.

24-வது பகுதியில் குட்டியும் நாயும் சொல்லாமல் கிளம்பிப் போய்விடுகிறார்கள். ஃபேயும் அங்கே இல்லை. எல்லோருக்குமாக அவித்த முட்டைகளை ஸ்பைக்கும் ஜெட்டும் எதிரெதிரே உட்கார்ந்து வாயில் திணித்துக்கொண்டே இருக்கிறார்கள். பேச்சே கிடையாது. நீ சென்னையை விட்டுக் கிளம்பின வாரம் நானும் பழக்கத்தில் ரெண்டு டீ சொல்லிவிட்டு ரெண்டையும் நானே குடித்தேன், அதை உனக்கு எழுதவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். இதெல்லாம் பார்த்துவிட்டுப் பரணில் ஏறி, நீ எடுத்த என் கல்யாணக் கேசட்டைக் கண்டுபிடித்தேன். டேப் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அதில் அப்பா பந்தியில் இலை போட்டுக்கொண்டே கேமராவைப் பார்த்து, போ போ என்று உன்னை விரட்டுவாரே, அந்த இடமாவது மிஞ்சியிருக்குமா? உன் டெக் இன்னும் ஓடுகிறதா? ஹெட் துடைக்கிற அந்த வெள்ளைத் துணியெல்லாம் வைத்திருக்கிறாயா? தை பிறந்ததும் கும்பகோணம் வருகிறேன். அதுவரை கேசட்டை வெயிலில் வைக்கலாமா கூடாதா என்று மட்டும் உடனே எழுது. வைத்தே தீருவேன் என்று இவள் மொட்டைமாடிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள்.

உன்,
பழைய ரூம்மேட்