வெள்ளிக் கணக்கு

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பாப்பா,

"மூணு வாரமா உட்கார்ந்து கடைசியில ஒரே ஒரு எண்தான்பா" என்று நேற்று போனில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். அது என் மனதை விட்டுப் போகவில்லை. பட்டறையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

போன தடவை ஏற்காடு போகும் பஸ்ஸில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? நம் கஞ்சமலை இரும்பு வரைக்கும் நட்சத்திரம் அணுக்கருக்களைப் பிணைத்தே செய்துவிடும், அதற்கு மேலே ஏற நியூட்ரான் வேண்டும் என்றாய். கரு ஒரு நியூட்ரானை விழுங்கும். நிலைக்காவிட்டால் உள்ளே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, அடுத்த தனிமம் ஆகிவிடும். வயதான சிவப்பு நட்சத்திரங்களில் இது ஆற அமர நடக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி எங்கே மெதுவாகிறதோ அங்கேதான் வரிசை நிற்கிறது என்று ஜன்னல் வழியே காட்டினாய். நியூட்ரானை எளிதில் விழுங்காத கருக்களும் அப்படித்தான் சேர்ந்துகொண்டே போகுமாம், பேரியம் மாதிரி, ஈயம் மாதிரி.

அப்போது நான் வெள்ளியைப் பற்றிக் கேட்டேன். பெரும்பங்கு வேறு வழியில் வந்தது, நொடிக்கணக்கில் நியூட்ரான்களை வாரி விழுங்கும் வேக வழியில் என்றாய். 2017 ஆகஸ்ட் 17 அன்று பிடிபட்ட நியூட்ரான் நட்சத்திர மோதலில் அப்படிக் கனமான தனிமங்கள் உண்டானது தெரிந்ததாம். அந்த வழியில் வரும் கருக்கள் உடனே சிதைந்துவிடுவதால் நேராக அளக்க முடியாது. மொத்தத்தில் நிதான வழியின் பங்கைக் கழித்துத்தான் வேக வழியின் பங்கைச் சொல்கிறீர்கள்.

பாப்பா, இது நம் தொழில் கணக்கு. எடையில் செம்பைக் கழித்தால் வெள்ளி. 250 கிராம் கொலுசு 80 டச், அதாவது நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி என்றால், வெள்ளி 200 கிராம். ஒரு பழைய கொலுசை நான் 78 என்று போட்டுவிட்டேன். உருக்கிப் பார்த்ததும் 5 கிராம் கூட இருந்தது. அன்று சாயங்காலமே அந்தப் பணத்தை அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் சோறு இறங்கியது. கழிக்கிற எண் தப்பினால் மிஞ்சுகிற எண்ணும் தப்பு. ஒரு கரு நியூட்ரானை எவ்வளவு எளிதில் விழுங்கும் என்று நீ அளக்கிறாயே, அதை வைத்துத்தான் கழிக்கிற எண் வருகிறது. அது சரியாக இல்லாவிட்டால் என் கையிலிருக்கும் வெள்ளிக்கு எந்த வழி எவ்வளவு கொடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது.

நீ வேலை பார்க்கும் ஜெனிவா ஆய்வுக்கூடத்தில் ஈயக் கட்டியில் புரோட்டான்கள் மோதி, சிதறும் நியூட்ரான்கள் 185 மீட்டர் குழாயில் ஓடி வர, அவை வந்து சேரும் நேரத்தை வைத்து வேகம் சொல்கிறீர்கள். அளக்க வைக்கும் பொருளின் மாதிரியோ சில மில்லிகிராம். அது ஒரு நியூட்ரானை விழுங்கினால் தெறிக்கும் காமாக் கதிருக்காகக் காத்திருக்கிறீர்கள். மாதிரி இல்லாத வெறும் தகட்டை வைத்தும் நாள்கணக்கில் அளப்பதாகச் சொன்னாயே, அதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு நிம்மதி. வெறும் தட்டைப் பார்க்காமல் உன் தாத்தா தராசைத் தொட்டதே இல்லை.

அந்த எண் முடிவானதும், எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதையும் சேர்த்து அனுப்பு. பட்டறை நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

அம்மா பருப்புப் பொடியும் ஏற்காட்டுக் காப்பித் தூளும் பார்சல் கட்டிவிட்டாள். கொலுசுத் திருகாணி தளர்ந்துவிட்டது என்றாயே, புதிதாக இரண்டு செய்து உள்ளே வைத்திருக்கிறேன். அப்புறம், ராத்திரி வேலையென்றால் காதை மூடிக்கொண்டு போ.

அப்பா