நண்பனுக்கு, அச்சுக்குப் போகாத கதைகளைப் பற்றி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. உறையின் மீது முகவரி எழுதியிருக்கும் ஒழுங்கைப் பார்த்தாலே அஞ்சல் துறையில் காலம் கழித்தவன் என்பது தெரிந்துவிடுகிறது. இங்கே எல்லோரும் நலம். மருமகளுக்கு நெய்வேலிக்கு மாற்றல் வந்ததால் தினமும் பேருந்தில் போய்வருகிறாள். என் முழங்கால் வலி, மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரை வரை நடந்துபோய்ச் சாமிகளைப் பார்த்துவிட்டு வரும் அளவுக்குத் தணிந்திருக்கிறது. உடம்பைப் பற்றிய செய்தி இவ்வளவு போதும். நம் வயதில் அதைத் தொடங்கினால் கடிதம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

நீ இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பாத, யாருக்கும் படிக்கக் கொடுக்காத கதைகளை நான் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது ஒன்று. நீயும் ஓய்வு பெற்ற பிறகு கதை எழுத உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்துக்குள் அது நின்றுபோவதற்கு என்ன காரணம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மகிழ்ச்சிக்காக எழுதுவதால் மனம் வந்தபோது எழுதினால் போதும் என்று நீ நினைக்கிறாய். மகிழ்ச்சிக்காக எழுதுவதால்தான் நாள்தோறும் எழுத வேண்டும் என்கிறேன் நான். பணத்துக்கோ பேருக்கோ எழுதுகிறவனைப் பதிப்பாசிரியரும் கெடுவும் உட்கார வைத்துவிடுவார்கள். நம்மை உட்கார வைக்க யாரும் இல்லை.

நீ வேலை பார்த்த அஞ்சல் துறையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆந்தனி டிரோலோப் என்ற ஆங்கில நாவலாசிரியர் பல்லாண்டுகள் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்தவர். தெருவோரத் தபால் பெட்டியைச் சானல் தீவுகளில் வைத்துப் பார்க்கலாம் என்று பரிந்துரை செய்தவரும் அவரே. அதிகாலை ஐந்தரை மணிக்கெல்லாம் மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதிவிட்டுத்தான் அலுவலுக்குப் போவாராம். அவரை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். ஒரு நாவல் முடிந்து நேரம் மீதி இருந்தால் அப்போதே அடுத்த நாவலைத் தொடங்கிவிடுவார். இப்படி 47 நாவல்கள். அவர் இறந்தபின் 1883இல் தன்வரலாறு வெளிவந்து இந்தக் கணக்கெல்லாம் வெளியே தெரிந்ததும், இது கலைஞன் செய்கிற காரியமா என்று பலர் முகம் சுளித்தார்கள். நான் பாதி அவர் பக்கம். ஒரே நேரத்தில் உட்காரும் வழக்கத்தை எடுத்துக்கொண்டேன். கடிகாரத்தையும் சொல் எண்ணிக்கையையும் விட்டுவிட்டேன். வாழ்நாளெல்லாம் அலுவலகத்தில் பேரேட்டைக் கூட்டிக் கழித்தவனுக்கு விடியற்காலையிலும் கணக்கு எதற்கு?

என்னுடைய ஏற்பாடு மிக எளியது. இரண்டு குயர் லாங் சைஸ் நோட்டு, மாடி அறை, காலை ஐந்து மணிக்குமேல் பால்காரர் மணி அடிக்கும் வரை ஒரு பக்கம். நன்றாக வந்தாலும் ஒரு பக்கந்தான், வராவிட்டாலும் ஒரு பக்கந்தான். நன்றாக ஓடும் நாளில் நிறுத்துவதுதான் கடினம். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும் இடத்திலேயே, வாக்கியம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை என்று எழுந்துவிடுவேன். மறுநாள் உட்கார்ந்தவுடன் அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டியிருக்கிறது; முடிப்பதற்குள் கை சூடாகிவிடுகிறது. நீ எழுதியிருப்பதைப் பார்த்தால், நீ ஒவ்வொரு நாளும் ஊறியதையெல்லாம் இறைத்துவிட்டு எழுந்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். முதல் நாள் எட்டுப் பக்கம், இரண்டாம் நாள் ஐந்து, பிறகு வெறுமை. அதோடு, கதையின் முடிவு வரை உன் வீட்டாரிடமும் நண்பர்களிடமும் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். அதைச் செய்யாதே. வாயால் சொல்லி முடித்த கதையை எழுதுவதற்கு மனத்தில் என்ன ஆர்வம் மிஞ்சும்? கேட்டவர்கள் ‘அடடே’ என்று சொன்ன கணத்திலேயே நமக்கு வரவேண்டிய கூலி வந்துவிடுகிறது.

இனி, எழுத எதுவும் தோன்றாத நாள்களைப் பற்றி. நீ அந்த நாள்களில் நோட்டை மூடிவிடுகிறாய். எனக்கு நேர்ந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் கதை நம் பழைய நகரத்தில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு வீட்டில் நடக்கிறது. தகப்பனார் காலமான பிறகு அண்ணனும் தம்பியும் வீட்டை நடுவே சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணறு, மாட்டுக் கொட்டகை, தென்னை மரங்கள், வாசல் கதவின் மேலிருந்த கஜலட்சுமிப் பலகை வரை எது யாருக்கு என்று எழுதியாயிற்று; அன்று முதல் இருவரிடையே பேச்சு இல்லை. கதைக்குத் தம்பி ஒரு நாள் அண்ணன் வீட்டுக்குள் வர வேண்டும். எதற்காக வருவான்? சமாதானம் பேச அனுப்பினால் சினிமாவாகிவிடுகிறது; சண்டை போட அனுப்பினால் மேலே எழுத ஒன்றும் இல்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருவதாக எழுதிப் பார்த்தேன், அதுவும் ஒட்டவில்லை. தம்பி பல நாள் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான்.

அப்படிப்பட்ட ஒரு காலையில் பக்கத்தை நிரப்பியாக வேண்டுமே என்பதற்காக, அண்ணன் வீட்டுக் கொல்லையில் என்னென்ன கிடக்கும் என்று எழுதத் தொடங்கினேன். காது உடைந்த வெண்கல அண்டா, நெல் அவித்த கல்லடுப்பு, துருவேறிய சைக்கிள் ரிம், பயன்படாமல் சாய்த்து வைத்த ஆட்டுக்கல், சுவரோரம் ஒரு மூங்கில் ஏணி. ஏணி என்று எழுதிய பிறகு பேனா நகரவில்லை. அந்த ஏணி தகப்பனார் காலத்தது. பத்திரம் எழுதிய அன்று பக்கத்து வீட்டுக்காரர் தேங்காய் பறிக்க இரவல் வாங்கிப் போயிருந்ததால் அது யார் பாகத்திலும் சேரவில்லை! புயல் அடித்த மறுநாள் தம்பி வீட்டுக் கூரை ஓடு சரிந்திருக்கிறது. அவன் ஏணி கேட்டு வருகிறான். அண்ணன் அதைக் கொடுத்தால் இரவல் கொடுத்ததாகுமா, பாகம் கொடுத்ததாகுமா? தம்பியாவது அதை ‘உங்கள் ஏணி’ என்று கேட்பானா, ‘நம் ஏணி’ என்று கேட்பானா, அல்லது வெறுமனே ‘ஏணி’ என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்வானா? அன்று பால்காரர் மணி அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. மனைவி வந்து பால் திரிந்துவிடும் என்று சத்தம் போட்ட பிறகுதான் கீழே இறங்கினேன்.

மனம் வந்த நாளில் மட்டும் எழுதுகிறவனாக நான் இருந்திருந்தால் அந்த ஏணி எனக்குக் கிடைத்திருக்காது. அலுப்பான நாளின் பக்கத்தில்தான் அது கிடந்தது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். நான்கைந்து நாள் இடைவெளி விழுந்துவிட்டால் பாத்திரங்கள் நம்மிடமிருந்து விலகிப்போய்விடுகிறார்கள். அண்ணன் எப்படிப் பேசுவான், கோபம் வந்தால் துண்டை உதறுவானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவானா என்பதெல்லாம் மறந்து, மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. அப்போது எழுத்து சுமையாகத் தெரிகிறது, சுமையானதும் விட்டுவிடுகிறோம். நாள்தோறும் எழுதினால் அன்று முழுவதும் கடைத்தெருவிலும் ரேஷன் வரிசையிலும் அவர்கள் கூடவே வருகிறார்கள். எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியில் பெரும்பகுதி நோட்டுக்கு வெளியே, இந்த நடமாட்டத்தில்தான் இருக்கிறது. மாசி மகக் கூட்டத்தில் ஒரு கிழவர் தம்முடைய செருப்பைப் பேரனின் கையில் கொடுத்துவிட்டு, அலையில் கால் நனைக்கும் வரை அவனை மூன்று தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார். கதை எழுதாத காலத்தில் நான் சாமியைத்தான் பார்த்திருப்பேன்.

உன் பேத்தி சொன்னதாக எழுதியிருந்தாயே, நவம்பர் மாதத்துக்குள் 50,000 சொற்களில் ஒரு நாவல் எழுதும் இயக்கம், அதைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். 1999இல் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் 21 பேர் விளையாட்டாகத் தொடங்கியது, பிறகு உலகெங்கும் பரவியது. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டுவிட்டது. அமைப்பு போனாலும் தாமாக எழுதுகிறவர்கள் இருப்பார்கள். தரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதி முடி என்ற அதன் அடிப்படை எனக்குப் பிடிக்கும். ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள் என்பது, ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பதையும் ஒரே சொல்லாக எண்ணும் நம் மொழியில் கொடுமையான கணக்கு. மேலும் எங்கள் கடற்கரைக்காரனை நவம்பரில் நாவல் எழுதச் சொல்வது நியாயமா? 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதிதான் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் அங்கே பெய்த பேய்மழையையும், அடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் தாழ்வான பகுதிகளில் புகுந்ததையும் நீ தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். நாங்கள் மின்சாரம் இல்லாமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருந்தோம். ஒரு மாதம் ஓடிவிட்டுப் பதினோரு மாதம் படுப்பதைவிட, ஆண்டு முழுவதும் ஒரு பக்கம் எனக்கு ஏற்றது.

நாள்தோறும் எழுதியவர் என்றால் இந்தப் பக்கத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையைச் சொல்லாமல் இருக்க முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வரவு, சரக்கு விலை, ஊர் வம்பு, சகுனம், துரையோடு நடந்த பேச்சு எல்லாம் அதில் உண்டு. அந்தப் பேச்சுகளை அவர் பல இடங்களில் கேள்வியும் பதிலுமாகவே எழுதிவைத்திருக்கிறார். அச்சேற்றும் எண்ணத்தோடு எழுதியவர் அல்லர். அவர் காலமாகிப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகே அது வெளியுலகின் கண்ணில் பட்டது. அதிலிருந்து நம் காலத்தில் புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன் நாவல்கள் படைத்தார், சாகித்திய அகாதமி விருதும் பெற்றார். நாட்குறிப்புக்கு நடந்தது தானே வந்து நிற்கும், கதைக்கு நடக்காததை நாம் போய்த் தேட வேண்டும். ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று நீ சொல்வாய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உட்காரும் பழக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். வயதைக் காரணமாகச் சொல்லாதே. கி. ராஜநாராயணன் முப்பது வயதைக் கடந்த பிறகே கதை எழுத வந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து உட்கார வைத்தது. 2021இல் மறையும் வரை அந்த ஊரிலேயே எழுதிக்கொண்டிருந்தார்.

அதற்காக நாமும் அவர்களைப் போல ஆகிவிடுவோம் என்று நான் சொல்ல வரவில்லை. புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது இந்தக் கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் 1934இல் பிறந்தது இதே மஞ்சக்குப்பத்தில். இந்தத் தண்ணீரைக் குடித்தவன் என்ற உரிமையில் என் மைத்துனர் என்னையும் அந்த வரிசையில் நிறுத்திக் கேலி செய்வார். இருவரும் ஊரை விட்டுப் போனதால்தான் எழுத்தாளர்கள் ஆனார்கள், நான் போகவில்லையே என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையில் அச்சு என்ற எண்ணம் வந்தவுடன் என் கை மாறிவிடுகிறது. ஒருமுறை சிறுகதைப் போட்டி அறிவிப்பைப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தபோது, ஒவ்வொரு வரிக்கும் நடுவர் என்ன நினைப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணனும் தம்பியும் வசனம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் சொந்தச் செலவில் புத்தகம் போட்டார். கட்டுகள் இன்னும் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அவற்றை எப்படித் தள்ளிவிடுவது என்ற யோசனையில் எழுதுவதையே விட்டுவிட்டார். புத்தகம் விற்காததைவிட எனக்கு அதுதான் வருத்தம்.

இதற்காகத்தான் உனக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஏணிக் கதையின் முதற்பகுதியைப் பிரதி எடுத்து இத்துடன் விரைவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். தம்பி வாசற்படியில் நின்று வாயைத் திறக்கும் இடத்தில், வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதை நீ முடித்து, அடுத்த பகுதியை நாளுக்கு ஒரு பக்கமாக எழுதி எனக்கு அனுப்பு. எத்தனை பக்கம் என்பது உன் விருப்பம். ஆனால் அடித்துத் திருத்தி நல்ல பிரதி எடுக்காதே, எழுதியபடியே அனுப்பு. யாரிடமும் கதையைச் சொல்லாதே, உன் பேத்தியிடங்கூட. நீயும் பாதி வாக்கியத்திலேயே நிறுத்தி அனுப்பினால் நான் தொடர்வேன். யாரை எங்கே அனுப்பினாலும், யாருக்குக் கல்யாணம் செய்து வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று: உனக்குக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடும் வழக்கம் உண்டு என்பதால் சொல்கிறேன், அண்ணனைச் சாகடித்துவிடாதே. அவன் போய்விட்டால் ஏணி சட்டப்படி வாரிசுகளுக்குப் போய்விடும். பிறகு கதையை வக்கீலிடந்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்