சாவி கிடைத்த வாரம்

வியன்னா,
தீபாவளிக்கு மறுநாள்.

அன்புள்ள வசந்திக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? பெரியவன் அந்த பைக் பைத்தியத்தை விட்டானா? கோபுவைப் பார்த்தால் அந்த முந்நூறு ரூபாயை நான் மறக்கவில்லை என்று சொல்.

உன் கடிதம் ஆடியிலேயே வந்துவிட்டது. வாட்ஸாப்பில் பூப்படமாக அனுப்பி மூன்று மாதத்தை ஓட்டிவிட்டேன். வேலை அதிகம், நேரமில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், தை பிறப்பதற்குள் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார், பதினோரு வருடத்தில் இது நான்காவது வீடு, இனிமேல் பாத்திரத்தை அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கவே போவதில்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் வந்த அதே வாரம்தான் எனக்கு இங்கே மாநகராட்சி வீட்டின் சாவி கைக்கு வந்தது. உனக்கு எப்படியடி எழுதுவேன்? நாலு தடவை உட்கார்ந்தேன், நாலு தடவையும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இன்று எழுதிவிடுகிறேன். திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள்.

ஆமாம், ஆடியில்தான் குடி வந்தோம். உன் புருவம் ஏறுவது இங்கே தெரிகிறது. சாவி கொடுக்கும் தேதியை அவர்கள்தான் சொல்வார்கள், ஆவணி வரை பொறுங்கள் என்று கேட்க முடியுமா? அம்மா இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டு, பால் எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது என்றாள். மின்னடுப்பில் நாலு பக்கமும் வழிந்தது என்றேன். சமாதானமாகிவிட்டாள்.

வீடு ஃபவோரிட்டன் பகுதியில், மூன்றாம் மாடி. இரண்டு அறை, அடுக்களை, உள்ளேயே குளியலறை. நம் கணக்கில் ஐந்நூற்று எண்பது சதுர அடி. முன்பக்கச் சுவரில், இதைக் கட்டியது வியன்னா மாநகராட்சி, இந்த வருடத்திலிருந்து இந்த வருடத்துக்குள் என்று பெரிய எழுத்தில் பதித்திருக்கிறார்கள். ஊர் முழுக்க இப்படிப்பட்ட கட்டடங்கள். குறை இல்லாமலில்லை. சுரங்க அறையில் ஈரவாடை. பொதுச் சலவை அறைக்கு முறை வைத்திருக்கிறார்கள், பத்து நிமிடம் தாண்டினால் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டிவிடுவாள். இரவு பத்துக்கு மேல் மிக்ஸி போட முடியாது. மாவு அரைப்பதெல்லாம் இப்போது சாயங்காலமே.

ஆனால் அந்த ஒப்பந்தக் காகிதத்தைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை வருடமும் நாங்கள் இருந்தது தனியார் வீடுகளில். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கெடு முடியும். முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துப் பேசுவோம், குழாய் ஒழுகினால்கூடச் சொல்ல மாட்டோம். என் கணவர் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போனது. இந்தக் காகிதத்தில் முடியும் தேதி என்று ஒன்று இல்லவே இல்லை, காலவரையறை கிடையாது என்று எழுதியிருக்கிறது. அட்வான்ஸ் கிடையாது, தரகு கிடையாது. அவர் மூன்று தரம் படித்துவிட்டு, “எங்கேயோ ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும்” என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கிய தூக்கத்தை நம் காம்பவுண்டில்கூடத் தூங்கியதில்லை.

காம்பவுண்டு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டில் எண்பத்து நாலு வயதுப் பாட்டி ஒருத்தி இருக்கிறாள், மாநகராட்சி வீட்டிலேயே பிறந்தவள். அவளுடைய அம்மா சின்ன வயதில் இருந்த வீட்டில் தண்ணீர்க் குழாயும் கக்கூஸும் வெளி நடைபாதையில்தானாம், மாடி முழுக்கப் பொது. அந்தக் குழாய்க்கு இங்கே பஸேனா என்று பெயர். குழாயடியில் பேசுகிற வம்புக்குக்கூட ‘பஸேனா வம்பு’ என்று தனிச்சொல் இருக்கிறது! நான் விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்துப் பாட்டி பயந்துபோனாள். சிம்மக்கல் காம்பவுண்டையும், பதினாலு குடித்தனத்துக்கு ஒரு குழாயையும், உன் மஞ்சள் பக்கெட்டையும் அவளுக்கு எப்படி விளக்குவது? (அந்தப் பக்கெட்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

சிரிக்க முடியாததும் ஒன்று சொன்னாள். நூறு வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் படுக்கைக்கு வாடகை கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்களாம். வீடும் இல்லை, அறையும் இல்லை, ஒரு கட்டிலில் எட்டு மணி நேரம் மட்டும். ராத்திரி வேலைக்குப் போகிறவன் எழுந்தால் பகல் வேலைக்காரன் அதே சூட்டில் படுப்பான். காசநோய்க்கு ‘வியன்னா நோய்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அதை மாற்றியது எப்படி என்று தேடித் தேடிப் படித்தேன். 1919 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி மாநகராட்சியைப் பிடித்தது. 1922-இல் வியன்னா தனி மாநிலமும் ஆனதால் சொந்தமாக வரி போடும் அதிகாரம் வந்தது. நிதிப் பொறுப்பில் ஹூகோ பிரைட்னர். பேங்க் இயக்குநராக இருந்த மனுஷர், கணக்குத் தெரிந்தவர். 1923-இல் வீட்டுவசதி வரி என்று ஒன்று கொண்டுவந்தார். சின்ன வீட்டுக்குச் சில்லறைக்காசு, மாளிகைக்குப் பெருந்தொகை. மிக விலையுயர்ந்த அரை சதவீத வீடுகளே மொத்த வரியில் ஏறக்குறைய 45 சதவீதத்தைக் கட்டின என்றால் பார்த்துக்கொள். வேலைக்காரர்கள் வைத்துக்கொண்டால் வரி, பந்தயக் குதிரைக்கு வரி, ஷாம்பெயினுக்கு வரி. கடன் வாங்கவில்லை, வசூலான பணத்தில் கட்டினார்கள். அதனால் வட்டி இல்லை, வாடகை பராமரிப்புச் செலவுக்கு வந்தால் போதும் என்று வைக்க முடிந்தது. இன்னொரு விஷயமும் கைகொடுத்தது. முதல் உலகப் போர்க்காலத்திலேயே வாடகையை உயர்த்தக் கூடாதென்று தடை போட்டிருந்தார்கள். லாபம் வராததால் மனை விலை படுத்துவிட்டது. வாங்க ஆளில்லாத நிலத்தை மாநகராட்சி வாங்கிக் குவித்தது. 1934-க்குள் அறுபதாயிரம் வீடுகளுக்கு மேல்! எல்லாவற்றிலும் உள்ளேயே தண்ணீர், உள்ளேயே கழிப்பறை.

போன மாதம் அவரை இழுத்துக்கொண்டு கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்கிற மாநகராட்சிக் குடியிருப்புக்குப் போனேன். மதுரை ஸ்டேஷனில் இறங்கி கோயிலுக்கு நடப்போமே, கிட்டத்தட்ட அந்தத் தூரத்துக்கு ஒரே கட்டடம், ஒரு கிலோமீட்டருக்கு மேல். 1,382 வீடுகள். கட்டும்போதே இரண்டு பெரிய சலவைக்கூடம், பல் மருத்துவமனை, நூலகம், மருந்துக்கடை எல்லாம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இவ்வளவும் வைத்தும் மனையில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கட்டடம் இல்லை, மீதி முற்றமும் மரமும்தான். 1930-இல் திறந்துவைத்த மேயர் கார்ல் சைட்ஸ், “நாங்கள் இல்லாமல் போன பின்னும் இந்தக் கற்கள் எங்களுக்காகப் பேசும்” என்றாராம். நாலே வருடத்தில், 1934 பிப்ரவரியில், சமூக ஜனநாயகக் கட்சியை நசுக்க, அந்தக் கற்கள்மீது நாட்டின் அரசே பீரங்கி வைத்துச் சுட்டது. அந்த முற்றத்தில் இப்போது பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஐஸ்கிரீம் வாங்கி வந்து கையில் கொடுத்தார்.

எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது வேறு. இவர்கள் கட்டியதை விற்கவில்லை. பெர்லின் 2004-இல் ஒரே வீச்சில் 65,000 வீடுகளைத் தனியாருக்கு விற்றது. 2021-இல் அந்த ஊர் ஜனங்களே பெரிய நிறுவனங்களின் வீடுகளைத் திரும்ப எடுக்கச் சொல்லி வாக்களிக்கும்படி ஆயிற்று. வியன்னா கையில் இன்றைக்கும் சுமார் 220,000 வீடுகள் இருக்கின்றன. கூட்டுறவு மாதிரியான லாப வரம்புச் சங்கங்களின் வீடுகளையும் சேர்த்தால், இருபது லட்சம் பேர் ஊரில் பாதிப்பேர் இந்த ஏற்பாட்டில்தான் குடியிருக்கிறார்கள். அதுவும் ஏழைகளுக்கென்று ஊருக்கு வெளியே ஒதுக்கிக் கட்டியதில்லை. தனி ஆளுக்கு வருமான வரம்பே வருடத்துக்கு 50,000 யூரோவைத் தாண்டும். நுழையும்போது ஒரு தடவை பார்ப்பார்கள், பிறகு சம்பளம் ஏறினால் வெளியே போ என்பதில்லை. எங்கள் படிக்கட்டில் பள்ளி ஆசிரியை இருக்கிறாள், டிராம் ஓட்டுகிறவர் இருக்கிறார், பென்ஷன்காரர்கள் இருக்கிறார்கள், நாங்கள் இருக்கிறோம். விலாசத்தை வைத்து யாரும் ஆளை எடை போட முடியாது. ஊரில் பாதி வீடுகள் நியாய வாடகையில் இருந்தால் மீதிப் பாதிக்காரனும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது என்பதையும் கண்ணால் பார்க்கிறேன்.

சறுக்கலும் உண்டு. 2004-க்குப் பிறகு மாநகராட்சி நேரடியாகக் கட்டுவதையே நிறுத்திவிட்டது. 2019-இல்தான் எங்கள் ஃபவோரிட்டனிலேயே 120 வீடுகளோடு மறுபடி ஒன்றைக் கட்டித் திறந்தார்கள். நடுவில் போன பதினைந்து வருடம் போனதுதான். 2023 ஏப்ரலில் அரசு வைத்த அடிப்படை வாடகை விலைவாசியோடு சேர்ந்து ஒரேயடியாக 8.6 சதவீதம் ஏறியது. பாட்டி அந்த நோட்டீஸை இன்னும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். நல்லதாக ஒன்று: நிலத்தைக் குடியிருப்புக்கென்று பெரிய அளவில் புதிதாக வகை மாற்றினால், அதில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடாக இருக்க வேண்டும், அந்தப் பங்குக்கு மனை விலை கட்டடப் பரப்பில் சதுர மீட்டருக்கு 188 யூரோவைத் தாண்டக் கூடாது என்று 2018-இல் சட்டம் திருத்தினார்கள். மனை விலையில் கை வைக்காமல் வாடகையில் கை வைக்க முடியாது என்பதை பிரைட்னர் காலத்திலிருந்து தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இனி எழுதுவதை நிதானமாகப் படி.

1938-இல் நாஜிகள் வந்ததும், இதே மாநகராட்சி வீடுகளிலிருந்து யூதக் குடும்பங்களைத் தேடித் தேடி நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றினார்கள். யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது மாநகராட்சிப் பதிவேட்டில் சுத்தமாக இருந்தது. தேதி போடாத ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள்தான் அவர்களும். பாட்டி அதை என்னிடம் சொல்லிவிட்டு வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா அம்மாவுக்கு முற்றத்துக்கு அந்தப் பக்கம் காலியான வீடு ஒன்றைப் பற்றித் தெரியும் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை.

இன்னொன்று இப்போது நடப்பது. முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு பாத்திரம் கழுவுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், நம் பிள்ளைகள் வயது. இரண்டறையில் ஐந்து பேர். ராத்திரி வேலைக்காரி வந்தால் இவள் எழுந்து கட்டிலைக் கொடுக்க வேண்டும். அதே கதைதான் வசந்தி, அதே சூடு மாறாத கட்டில்! மாநகராட்சி வீட்டுக்கு மனு போட இந்த ஊரில் இரண்டு வருடமாவது பதிவோடு இருந்திருக்க வேண்டும். இவள் வந்து இரண்டரை வருடம் ஆகிறது. ஆனால் கட்டிலை வாடகைக்கு விடுகிறவன் பதிவுத் தாளில் கையெழுத்துப் போட மறுக்கிறான், அத்தனை பேரை வைத்திருப்பது தெரிந்துவிடுமே. அதனால் அவளுக்கு ஒரு நாள்கூடக் கணக்கில் ஏறவில்லை. யாருக்கு வீடு ரொம்ப அவசரமோ அவர்களால்தான் அந்தத் தாளைக் காட்ட முடிவதில்லை. முன்பெல்லாம் அந்த இரண்டு வருட விதி எனக்கு நியாயமாகத்தான் பட்டது, நாங்களும் காத்திருந்துதானே வந்தோம் என்று. இப்போது என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. வாடகைதாரர்களுக்கு மாநகராட்சி நடத்துகிற இலவச ஆலோசனை அலுவலகம் இருக்கிறது. வருகிற செவ்வாய் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பாட்டியும் வருகிறேன் என்று தொப்பியை எடுத்து வைத்துவிட்டாள். அவள் பேச ஆரம்பித்தால் அதிகாரி எழுந்து நிற்பார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். வீடு பார்த்துவிட்டாயா? ஒத்திக்குப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, போன தடவை மாதிரி வாய்ப்பேச்சை நம்பாதே. கீழ்வீடாகப் பார், அத்தையால் படி ஏற முடியாது.

அட்வான்ஸுக்கோ ஒத்திக்கோ எவ்வளவு குறைகிறது என்று எழுது. புது வீட்டு அட்வான்ஸுக்கென்று இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தேன். இங்கே யாரும் கேட்கவில்லை. பழைய வீட்டுக்காரரும் வெள்ளையடிக்க என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டார். பணம் பேங்கில் சும்மா கிடக்கிறது. அவரிடம் சொல்லிவிட்டேன், சரி என்றுவிட்டார். வேண்டாம் என்று நீ எழுதினால் அந்தக் கடிதத்தை நான் பிரிக்கவே மாட்டேன். கோபுவிடம் மட்டும் சொல்லாதே.

கார்த்திகைக்குள் பதில் போடு.

உன்,
மீனா

பி.கு.: நம் காம்பவுண்டை இடிக்கப்போவதாகச் சொன்னாயே, இடித்தாயிற்றா? அந்தக் குழாயின் பித்தளைத் தலையை யாராவது எடுத்து வைத்தார்களா என்று கேள். எனக்கு வேண்டும்.